நியூயார்க்கில் கஞ்சாவுக்காகக் கைதானவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்)தான் என்கிறார்கள். இது இனப்பாகுபாடா, அல்லது குற்றம் அதிகமுள்ள பகுதியில் போலீஸ் அதிகம் இருப்பதன் விளைவா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

சுருக்கமான பதில்: பாகுபாடுதான். "குற்றம் அதிகமுள்ள பகுதியில் போலீஸ் அதிகம்" என்பது பொய்யில்லை. ஆனால் அந்தக் காரணத்தால் விளங்கக்கூடிய பங்கைக் கழித்த பிறகும் கணிசமான மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சம் எங்கே உருவாகிறது என்று தெரிய வேண்டுமானால், தெருவில் ஒருவரை நிறுத்துவதில் தொடங்கி வழக்கு முடியும்வரை படிப்படியாகப் போக வேண்டும். கஞ்சா 2021-ல் சட்டபூர்வமாவதற்கு முந்தைய நியூயார்க் நகரத்தை வைத்தே சொல்கிறேன். எண்கள் விரிவாக வெளியே கிடைப்பதும் அந்தக் காலத்துக்குத்தான்.

முதலில் சட்டம். பலருக்குத் தெரியாத விஷயம், 1977-லிருந்தே நியூயார்க் மாநிலத்தில் சட்டைப்பையில் கொஞ்சம் கஞ்சா வைத்திருப்பது குற்றமே இல்லை. 25 கிராம் வரை வெறும் விதிமீறல்; முதல் முறை 100 டாலர் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். ஒரு சுருட்டுக்கு அரை கிராம் என்று வைத்தால் 25 கிராம் என்பது 50 சுருட்டு. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருந்தது. பொது இடத்தில் கஞ்சா எரிந்துகொண்டிருந்தாலோ, பொதுமக்கள் பார்வையில் படும்படி இருந்தாலோ, அளவு எவ்வளவு குறைவானாலும் அது சிறுகுற்றம். மூன்று மாதம் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். கைது, கைரேகை, புகைப்படம் எல்லாம் உண்டு. பைக்குள் இருந்தால் சீட்டு, வெளியே தெரிந்தால் விலங்கு. பின்னால் வந்த அத்தனை சிக்கலும் இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான்.

இனி தெருவுக்கு வருவோம். 1968-ல் டெர்ரி எதிர் ஓஹையோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, ஒருவரை நிறுத்த "குற்றம் நடக்கிறது" என்ற நியாயமான சந்தேகம் வேண்டும். அவர் உடையின் மேல் தட்டிப் பார்க்க, "ஆயுதம் வைத்திருக்கிறார், ஆபத்தானவர்" என்று தனியாக இன்னொரு சந்தேகம் வேண்டும். முதலாவது இருப்பதாலேயே இரண்டாவது வந்துவிடாது. பைக்குள் கைவிட அதற்கும் மேல் வேண்டும்: தட்டும்போது ஆயுதம் போல ஏதாவது தட்டுப்பட வேண்டும், அல்லது தொட்ட மாத்திரத்திலேயே தடை செய்யப்பட்ட பொருள் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு சின்னக் கஞ்சாப் பொட்டலம் மேலிருந்து தட்டினால் துப்பாக்கி மாதிரி இருக்காது. ஆக, விதிப்படி நடந்தால் அந்தப் பொட்டலம் பையிலேயே இருந்திருக்கும்.

நடந்தது வேறு. "பையில இருக்கிறதெல்லாம் வெளியே எடு" என்று ஒரு வார்த்தை. பதினெட்டு வயசுப் பையன் பயத்தில் எடுத்துக் கையில் வைப்பான். அந்த நொடியில் பொட்டலம் "பொதுமக்கள் பார்வைக்கு" வந்துவிட்டது. புகார் தாளில் காவலர் எழுதுவது: பொது இடத்தில், பார்வையில் படும்படி, கையில் கஞ்சா வைத்திருக்கக் கண்டேன். எடுக்கச் சொன்னது யார் என்பது அந்தத் தாளில் வராது. 100 டாலர் சீட்டு கைது ஆகிவிட்டது.

இது எதிர்த்தரப்பு வக்கீல்களின் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2011 செப்டம்பரில் போலீஸ் கமிஷனர் ரேமண்ட் கெல்லியே உத்தரவு போட வேண்டி வந்தது: காவலர் சொல்லி வெளியே எடுத்ததையோ, சோதனையில் வெளியே வந்ததையோ "பார்வையில் பட்டது" என்று எழுதிக் கைது செய்யக்கூடாது என்று. அந்த ஆண்டு இந்தப் பிரிவில் கைது 50,684. அடுத்த ஆண்டு 40 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. நிஜமாகவே அத்தனை பேரும் தெருவில் கஞ்சாவைக் கையில் காட்டிக்கொண்டு நின்றிருந்தால் இந்த உத்தரவால் எண்ணிக்கை குறைந்திருக்கத் தேவையில்லை. (இதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது, 2012-ல் போலீஸ் தெருவில் ஆட்களை நிறுத்துவதே, அதாவது மொத்த நிறுத்தங்களும், குறைந்தன, அதன் பங்கும் இதில் உண்டு.)

1990களின் தொடக்கத்தில் இதே பிரிவில் ஆண்டுக்கு ஆயிரம் கைதுகூட இல்லை. சட்டம் மாறவில்லை. நகரத்தில் கஞ்சா புகைப்பவர்கள் பத்தாண்டில் ஐம்பது மடங்காகப் பெருகவும் இல்லை. மாறியது போலீஸின் வேலை முறை. 1994-ல் வந்த காம்ப்ஸ்டாட் கூட்டங்களில் ஒவ்வொரு ஸ்டேஷன் தலைவரும் தன் எல்லையின் எண்களோடு மேலிடத்தின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். நடக்காமல் தடுத்த குற்றத்துக்குக் கணக்கு இல்லை, போட்ட சீட்டுக்கும் நிறுத்திய ஆளுக்கும்தான் கணக்கு. மேலே கேட்ட எண் கீழே கோட்டாவாக இறங்கியது. "இருபதும் ஒன்றும்", அதாவது மாதத்துக்கு 20 சீட்டு, 1 கைது என்று தங்களிடம் கேட்கப்பட்டதாகக் காவலர்களே வெளியே வந்து சொன்னார்கள். புரூக்ளினின் 81-வது ஸ்டேஷனில் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் என்ற காவலர் தினசரி அணிவகுப்புப் பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்தார். பிராங்க்ஸின் 40-வது ஸ்டேஷனில் பெட்ரோ செரானோ என்ற காவலர் செய்த பதிவில், "14 முதல் 20, 21 வயதுக் கறுப்பின ஆண்கள்" என்று மேலதிகாரி ஆளை அடையாளம் சொல்வது கேட்கிறது. அது நீதிமன்றத்தில் ஒலிபரப்பப்பட்டது.

இத்தோடு 2003-ல் வந்த ஆபரேஷன் இம்பாக்ட். பயிற்சிக் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த இளங்காவலர்களைக் கூட்டமாக, குற்றம் அதிகம் என்று குறித்த சில தெருக்களில் இறக்கினார்கள். அவை பெரும்பாலும் கறுப்பின, லத்தீனோ குடியிருப்புகள். அனுபவம் இல்லாத காவலருக்கு எண் காட்ட வேண்டும் என்றால் கஞ்சாக் கைதைவிட எளிதான வழி இல்லை: ஆபத்து இல்லை, சாட்சி தேட வேண்டாம், பொருள் கையிலேயே இருக்கிறது. வேலை நேரம் முடியும் தருவாயில் பிடித்தால் எழுத்து வேலைக்கு ஓவர்டைம் வேறு. இதில் யாரும் யாரையும் வெறுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எங்கே அனுப்புகிறார்கள், எதை எண்ணுகிறார்கள், எது சுலபம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே நிறம் பார்த்துப் பொறுக்கியது போன்ற விளைவு வந்துவிடும். அதனால்தான் "அந்தக் காவலர் இனவெறியரா?" என்ற விவாதம் எங்கும் போய்ச் சேராது. கைது செய்த காவலர்களில் கணிசமானோர் தாங்களே கறுப்பினத்தவர் அல்லது லத்தீனோ.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பகுதி: பிரித்துப் பார்ப்பது எப்படி?

பெரும்பாலோர் செய்வது மக்கள்தொகையோடு ஒப்பிடுவது. 2010 கணக்கில் நகரத்தில் கறுப்பினத்தவர் 23 சதவீதம், லத்தீனோ 29, வெள்ளையர் 33. 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை நடந்த 44 லட்சம் நிறுத்தங்களில் கறுப்பினத்தவர் 52, லத்தீனோ 31, வெள்ளையர் 10. பார்க்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் இந்த ஒப்பீட்டை மட்டும் காட்டினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் கவிழ்த்துவிடும்: "தெருவில் யார் இருக்கிறார்கள், எந்தத் தெருவில் குற்றம் நடக்கிறது என்பதைப் பார்க்கவில்லையே?" நியாயமான எதிர்வாதம்.

அடுத்து போலீஸ் தரப்பு நீட்டும் அளவுகோல்: குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் சொன்ன குற்றவாளி அடையாளங்கள். வன்முறைக் குற்றங்களில் அந்த அடையாளங்களில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை, ஆகவே நிறுத்தங்களும் அப்படித்தான் இருக்கும் என்பார்கள். இதில் ஓட்டை எங்கே என்றால், மேற்சொன்ன 44 லட்சம் நிறுத்தங்களில் 88 சதவீதத்தில் கைதும் இல்லை, சம்மனும் இல்லை. ஒன்றும் கிடைக்காமல் அனுப்பிவிட்டார்கள். நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் குற்றமற்றவர்கள். குற்றமற்றவர்களின் கூட்டம் ஏன் குற்றவாளிகளின் கூட்டத்தைப் போல இருக்க வேண்டும்? தெருவில் நிறுத்திச் சோதிக்கும் இந்த முறையை எதிர்த்துத் தொடுத்த ஃப்ளாய்ட் எதிர் நியூயார்க் நகரம் வழக்கில் (2020-ல் மினியாபொலிஸில் கொல்லப்பட்ட ஜார்ஜ் ஃப்ளாய்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை) நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் இந்த அளவுகோலை நிராகரித்தது இதே காரணத்தால்.

என் பார்வையில் உறுதியான சோதனை, பிடிபடும் விகிதம். எல்லோரையும் ஒரே அளவு சந்தேகத்தின் பேரில் நிறுத்தினால், நிறுத்தியவர்களிடம் பொருள் கிடைக்கும் விகிதமும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஒரு பிரிவினரிடம் விகிதம் குறைவாக வந்தால், அவர்களை இன்னும் சொற்பமான காரணத்துக்கு நிறுத்துகிறார்கள் என்று பொருள். தீர்ப்பில் உள்ள எண்களை ஆயிரம் நிறுத்தத்துக்கு எனப் போட்டால்: ஆயுதம் கிடைத்தது கறுப்பினத்தவரிடம் 10, லத்தீனோக்களிடம் 11, வெள்ளையரிடம் 14. கஞ்சா முதலான தடைப்பொருள் 18, 17, 23. ஆனால் பலப்பிரயோகம் தலைகீழ்: 230, 240, 170. குறைவாகக் கிடைக்கிற இடத்தில் அதிகமாகத் தேடி, அதிகமாகக் கைவைத்திருக்கிறார்கள். இது புதிதாகக் கண்டதும் அல்ல. 1999-லேயே மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் எடுத்த கணக்கில், ஒரு கைதுக்கு 7.9 வெள்ளையர் நிறுத்தப்பட்டால், லத்தீனோ 8.8, கறுப்பினத்தவர் 9.5.

இந்தச் சோதனைக்கும் ஒரு பலவீனம் உண்டு. சராசரி ஏமாற்றும். வெள்ளையர் கூட்டத்தில் நிறுத்தப்பட்ட கொஞ்சப் பேர் பார்த்தவுடனே தெரியும் வெளிப்படையான ஆசாமிகளாக இருந்தால், நிறுத்தும் வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் அவர்கள் சராசரி உயர்ந்துவிடும். இதைச் சமாளிக்க, நிறுத்தும் முன் காவலருக்குத் தெரிந்த தகவல்களை (இடம், நேரம், படிவத்தில் குறித்த காரணங்கள்) வைத்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆயுதம் கிடைக்கும் வாய்ப்பைத் தனித்தனியாகக் கணிக்கலாம். 2008 முதல் 2012 வரை ஆயுதச் சந்தேகத்தில் நடந்த நிறுத்தங்களை அப்படி ஆராய்ந்தபோது, 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் ஆயுதம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த வீண் நிறுத்தங்களில் சிக்கியவர்களில் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும் அளவுக்கு மீறி இருந்தார்கள். எந்த ஸ்டேஷன் எல்லை என்பதே பெரும் பங்கை விளக்கியது. ஒரே இடத்துக்குள் பார்த்தாலும் இன இடைவெளி முழுசாக மறையவில்லை.

ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காவலர் நிரப்பிய படிவத்தையும் பாருங்கள். யூ.எஃப்.-250 என்ற அந்த இருபக்கத் தாளில் காரணங்களுக்குக் கட்டங்கள் இருந்தன, டிக் அடித்தால் போதும். அதிகம் அடிக்கப்பட்டவை "சந்தேகப்படும்படி அசைந்தார்", "குற்றம் அதிகமுள்ள பகுதி". இந்த இரண்டும் குறிக்கப்பட்ட நிறுத்தங்களில் கைதோ சம்மனோ ஆகும் வாய்ப்பு கூடவில்லை, குறைந்தது. அதாவது வேறு காரணம் இல்லாதபோது எழுதும் காரணங்கள் அவை. என்ன குற்றத்தைச் சந்தேகித்தார் என்றே எழுதாத படிவங்கள் 2004-ல் 1 சதவீதம், 2009-ல் 36 சதவீதம்.

நீங்களே கணக்குப் போட விரும்பினால், 2003 முதலான நிறுத்தத் தரவுகளை ஆண்டுவாரியாக போலீஸ் துறையின் இணையதளத்திலேயே இறக்கலாம். பலர் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பழைய கோப்புகளில் லத்தீனோக்களுக்கு ஒரே குறியீடு கிடையாது. கறுப்பு லத்தீனோவுக்கு 'P', வெள்ளை லத்தீனோவுக்கு 'Q'. இரண்டையும் கூட்டாவிட்டால் எண் குறைந்துவிடும். இனம் என்பது காவலர் கண்ணுக்குப் பட்டது, நிறுத்தப்பட்டவர் சொன்னதல்ல. 2017-லிருந்து கோப்பின் வடிவமே மாறியது. பழையதோடு அப்படியே ஒட்ட முடியாது. மொத்த நகரத்தையும் ஒரே குவியலாக்காமல் ஸ்டேஷன் எல்லைவாரியாகப் பிரித்துப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், படிவம் எழுதாத நிறுத்தம் இந்தக் கோப்பில் இருக்காது.

கஞ்சாவுக்குத் திரும்புகிறேன். "மக்கள் புகார் செய்கிறார்கள், நாங்கள் போகிறோம்" என்பது போலீஸின் கடைசி வாதம். 2018-ல் நியூயார்க் டைம்ஸ் இதை நேரடியாகச் சோதித்தது. புரூக்ளினில் கனார்ஸி பகுதியும் கிரீன்பாயின்ட் பகுதியும் கஞ்சா பற்றி 311 (நகர உதவி எண்), 911 (அவசர எண்) ஆகியவற்றுக்குப் புகார் செய்யும் விகிதம் ஒன்றுதான். கனார்ஸியில் 85 சதவீதம் கறுப்பினத்தவர், கிரீன்பாயின்டில் 4. கைது விகிதம் கனார்ஸியில் நான்கு மடங்குக்கு மேல். நகரம் முழுக்கப் பார்த்தால் கறுப்பினத்தவர் கைதாகும் விகிதம் வெள்ளையரைப் போல எட்டு மடங்கு. மன்ஹாட்டனில் மட்டும் பதினைந்து. பயன்படுத்தும் விகிதமோ தேசிய ஆய்வுகளில் இரு தரப்புக்கும் ஏறத்தாழ சமம். இடம் ஒரு வித்தியாசம்தானே என்பீர்கள். வசதியானவர் வீட்டுக்குள்ளும் மாடியிலும் பிடிப்பார், நெருக்கடியான குடியிருப்பில் இருப்பவர் வாசலில் பிடிப்பார். உண்மைதான். ஆனால் கைதானவர்களில் பலர் புகைக்கவே இல்லை, பையில் வைத்திருந்தார்கள் என்பதுதான் மேலே சொன்னது.

கைதானால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீதிபதி முன் நிறுத்த 24 மணி நேரம் வரை லாக்கப். பெரும்பாலான முதல் வழக்குகள் ஒத்திவைப்பில் முடியும். ஓராண்டு வேறு தப்பில் சிக்காமல் இருந்தால் தள்ளுபடி. தண்டனை இல்லாததுபோலத் தெரியும். அந்த ஓராண்டும் வேலைக்கான பின்னணிச் சோதனையில், அரசு வீட்டு விண்ணப்பத்தில், லைசென்ஸில் நிலுவை வழக்கு நின்றுகொண்டே இருக்கும்.

போலீஸ் ஆட்களை நிறுத்திய முறை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்ற ஃப்ளாய்ட் தீர்ப்பு வந்தது 2013 ஆகஸ்ட் 12. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, ஷைண்ட்லினை வழக்கிலிருந்தும் நீக்கியது. புதிய மேயர் டி பிளாசியோ 2014-ல் மேல்முறையீட்டைக் கைவிட்டதால் தீர்ப்பு நிலைத்தது. 2011-ல் 6,85,724 ஆக இருந்த நிறுத்தங்கள் 2014-ல் 46 ஆயிரத்துக்குள் வந்தன. நகரம் எரியும் என்றார்கள். கொலைகள் 2011-ல் 515, 2017-ல் 292. கஞ்சாக் கைதும் 2017-ல் 18 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. ஆனால் இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும்: மொத்தம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியும், அதில் கறுப்பின, லத்தீனோ பங்கு அப்படியே 85 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. எண்ணிக்கையைக் குறைப்பதும் சாய்வை நிமிர்த்துவதும் தனித்தனி வேலைகள். கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் கஞ்சா சட்டபூர்வமான பிறகு வாகனச் சோதனைகள் எல்லா இனத்தவருக்கும் வெகுவாகக் குறைந்தன. இடைவெளி அங்கேயும் மறையவில்லை.

நியூயார்க்கில் 2021 மார்ச் 31 முதல், 21 வயது நிரம்பியவர் 3 அவுன்ஸ், சுமார் 85 கிராம் வரை வைத்திருக்கலாம். என்னைக் கேட்டால் அந்தச் சட்டத்தில் அதைவிட முக்கியமானது வாசனை பற்றிய வரி. "கஞ்சா வாடை அடித்தது" என்பது அதற்கு முன்புவரை யாரும் சரிபார்க்க முடியாத சோதனைக் காரணம். இப்போது அதை மட்டும் வைத்துச் சோதனை போட முடியாது, போதையில் வண்டி ஓட்டும் வழக்குக்குத்தான் விதிவிலக்கு. நிறுத்தும் பழக்கம் கஞ்சாவிலிருந்து துப்பாக்கிக்கு இடம் மாறியிருக்கிறது. துப்பாக்கி தேட 2022-ல் இறக்கிய சிறப்பு போலீஸ் குழுக்களைப் பற்றி நீதிமன்றக் கண்காணிப்பாளர் 2023-ல் தந்த அறிக்கையில், நிறுத்தப்பட்டவர்களில் 97 சதவீதம் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும். நிறுத்தங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று சட்டவிரோதம்.

அங்கே இருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். நியூயார்க் விதிப்படி காவலர் உங்களை அணுகுவதில் நான்கு நிலைகள் உண்டு: தகவல் கேட்பது, சந்தேகத்தோடு விசாரிப்பது, நிறுத்துவது, கைது. முதல் இரண்டில் நீங்கள் நடந்து போகலாம். எந்த நிலை என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: "நான் போகலாமா?" வேறு சட்டக் காரணம் இல்லாமல் உங்கள் சம்மதத்தின் பேரில் மட்டும் சோதிப்பதானால், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று காவலரே சொல்ல வேண்டும் என்பது 2018 அக்டோபரிலிருந்து நகரச் சட்டம். "சம்மதிக்கவில்லை" என்று வாயால் தெளிவாகச் சொல்லுங்கள், கையால் தடுக்காதீர்கள். பையை நீங்களாகக் காலி செய்து காட்டாதீர்கள். கார் ஓட்டும்போது லைசென்ஸ் காட்டியே ஆக வேண்டும், அது தனி.

மாணவர் விசாவிலோ, எச்-1பியிலோ, கிரீன் கார்டிலோ இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று கூடுதலாக. மாநிலத்தில் சட்டபூர்வமானாலும் குடியேற்றச் சட்டம் ஃபெடரல் சட்டம். அதில் கஞ்சா இன்னும் தடைப்பொருள்தான். பழைய 100 டாலர் அபராதத்தை "சின்ன விஷயம்" என்று ஒப்புக்கொண்டு கட்டியிருந்தாலும் குடியேற்றத் துறை அதைத் தண்டனையாக எண்ணும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் ஒத்திவைப்பில் தள்ளுபடியானால் எண்ணாது. சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை ஒரே ஒரு முறை என்ற விலக்கு நாடுகடத்தலுக்கு மட்டும்தான்; வெளிநாடு போய்த் திரும்பி நுழையும்போது அது தானாகக் காப்பாற்றாது. மாநிலம் பின்னால் அழித்த பழைய தீர்ப்பையும் அவர்கள் தானாக ஏற்பதில்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற விளைவை விளக்குவது உங்கள் வக்கீலின் கடமை. அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அரசு தரும் இலவச வக்கீலிடமும் கேட்கலாம்.